போர்ட் ஒன்று, திரை எத்தனை?

குன்னூரில் கணினி பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். இப்போதெல்லாம் அடிக்கடி தொலைபேசியில் வரும் கேள்வி இது: "அண்ணா, என் லேப்டாப்பில் இரண்டு மானிட்டர் மாட்ட முடியுமா?" முடியும், முடியாது என்று நான் உடனே சொல்வதில்லை. லேப்டாப்பைத் திருப்பி, அடியில் உள்ள மாடல் எண்ணைப் படிக்கச் சொல்வேன். பக்கவாட்டில் இருக்கும் போர்ட்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். "வாங்கி மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. கோயம்புத்தூரில் இருப்பவர் அப்படிச் சொல்லலாம். காலையில் வாங்கியது பொருந்தாவிட்டால் மாலையில் போய் மாற்றிக்கொள்வார். கட்டபெட்டுவில் இருப்பவருக்கு ஒரு கேபிளை மாற்றுவதென்றால் ஒரு நாள் வேலை கெடும். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்துவிட்டால் கூரியரும் நின்றுபோகும். அதனால் மலையில் இந்த வேலையின் பாதியைப் பணம் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டியிருக்கிறது.

2020 ஊரடங்கில்தான் இந்தக் கேள்வி பெருகியது. பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்த்த பிள்ளைகள் நிறுவனம் கொடுத்த லேப்டாப்போடு ஹட்டிகளுக்கு, அதாவது மலைக் கிராமங்களுக்கு, திரும்பினார்கள். அலுவலகத்தில் இரண்டு பெரிய திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து பழகியவர்களுக்கு 14 அங்குலத் திரை மூச்சு முட்டியது. கோத்தகிரிப் பக்கத்தில் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கும் ஒரு பெண், நான் போவதற்குள் இணையத்தில் ஒரு எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வாங்கி வைத்திருந்தார். மாட்டினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம். பொருளில் குறையில்லை. ஸ்பிளிட்டரின் வேலையே அதுதான். ஒரே பாட்டுக்குப் பந்தலில் இரண்டு ஒலிபெருக்கி கட்டுவதைப் போல, வந்த சிக்னலை அப்படியே இரண்டு பக்கமும் தள்ளிவிடும். தனித்தனிப் படம் வேண்டுமென்றால் லேப்டாப்பிலிருந்தே இரண்டு தனிச் சிக்னல்கள் வெளியே வர வேண்டும். விற்பனைப் பக்கங்களில் இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் எத்தனையோ பேருடைய பணம் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது சிக்னல் பெரும்பாலும் யூஎஸ்பி-சி போர்ட் வழியாகத்தான் வர வேண்டும். வம்பு தொடங்குவதும் அங்கேதான். அந்தச் சிறிய நீள்வட்டத் துளை எல்லா லேப்டாப்பிலும் ஒரே வடிவம். உள்ளே இருக்கும் திறமை வேறு வேறு. சிலவற்றில் தகவல் மட்டும் போகும். சிலவற்றில் சார்ஜும் ஏறும். டிஸ்ப்ளேபோர்ட் மாற்று முறை என்ற வசதி இருந்தால் மட்டுமே அதன் வழியே படம் வரும். பக்கத்தில் அம்பு முனையுடன் மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட். படம் வரும் என்று நம்பலாம். டி, பி எழுத்துகள் பின்னிய குறி இருந்தாலும் சரி. எந்தக் குறியும் இல்லாத லேப்டாப்கள்தான் அதிகம், ஆகவேதான் மாடல் எண் கேட்கிறேன். தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் இரண்டு நிமிடம் தேடினால் விடை கிடைத்துவிடும்.

ஆப்பிள் லேப்டாப் வைத்திருப்பவர்களிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்பேன்: என்ன சிப்? 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் ஏற்கும். எம்2 ஏரும் அப்படியே. எம்3 ஏர் இரண்டை ஏற்கும், ஆனால் மூடியை மூடி வைக்க வேண்டும். எம்4இல்தான் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு என்றாயிற்று. ஒரே போர்ட்டிலிருந்து பல இணைப்புகள் தரும் பெட்டிக்கு டாக் என்று பெயர்; இரண்டு எச்டிஎம்ஐ வாய் உள்ள சாதாரண டாக்கை எம்1இல் மாட்டிவிட்டு, இரண்டு திரையிலும் ஒரே படம் வருகிறதே என்று குழம்புகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரே டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பைப் பல திரைகளுக்குப் பிரித்துத் தரும் எம்எஸ்டி முறை விண்டோஸில் வேலை செய்யும். ஆப்பிளில் அது பிரதி மட்டுமே காட்டும்.

இதற்கு மாற்று டிஸ்ப்ளேலிங்க் என்ற தொழில்நுட்பம். படத்தை மென்பொருளே சுருக்கி, சாதாரண யூஎஸ்பி தகவலாக அனுப்பும். டாக்கில் உள்ள சில்லு அதை விரித்துத் திரைக்குத் தரும். எக்செல், மின்னஞ்சல், நிரல் எழுதுவது எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும். வீடியோ ஓட்டினால் செயலிக்குச் சுமை ஏறி விசிறி இரையும். ஆனால் டிஸ்ப்ளேலிங்குக்கு டிரைவர் என்ற துணை மென்பொருளை லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். நிறுவனம் பூட்டு போட்ட லேப்டாப்பில் அந்த உரிமை நமக்குக் கிடையாது. ஐடி பிரிவுக்கு விண்ணப்பம் போட்டு, ஒப்புதல் வந்த பிறகே டாக் வாங்குங்கள் என்று நான் கறாராகச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

வீட்டு வேலைகளைவிட எனக்குச் சுவையாக இருந்தது ஒரு தேயிலைக் கொள்முதல் அலுவலகத்தின் வேலை. குன்னூர் ஏலம் 1963இல் தொடங்கியது. குரல் கொடுத்து விலை கேட்ட காலம் போய், இப்போது ஏலம் முழுக்கத் திரையில் நடக்கிறது. ஏலப் பக்கம் ஒன்று, கேட்டலாக் ஒன்று, சுவைத்துப் பார்த்துத் தான் குறித்த உச்ச விலை ஒன்று என்று மூன்றும் ஒரே நேரத்தில் கண்ணில் பட வேண்டும் என்றார் அந்த அலுவலகத்தில் ஏலம் கேட்பவர். இருந்தது இன்டெலின் எட்டாம் தலைமுறை லேப்டாப். அதன் உள்கட்டமைப்பு கிராஃபிக்ஸ் மொத்தம் மூன்று திரைகளைத்தான் ஓட்டும், லேப்டாப்பின் சொந்தத் திரையும் அந்தக் கணக்கில் சேரும். "சார், மூன்றாவது திரை உங்கள் எதிரிலேயே இருக்கிறது" என்று சொல்லி, லேப்டாப்பை ஒரு ஸ்டாண்டில் உயர்த்தி வைத்து, வெளியே இரண்டு மானிட்டர் போட்டேன்.

மாட்டி முடித்ததும் அவர் முகம் சுளித்தார். புதிதாக வாங்கிய 4கே மானிட்டரில் மவுஸ் இழுத்து இழுத்துப் போகிறது என்றார். காரணம், ஏற்கெனவே அங்கிருந்த யூஎஸ்பி-சி ஹப், அதாவது ஒரு போர்ட்டைப் பலவாக்கும் சிறு பெட்டி. அந்த போர்ட்டில் படம் போக நான்கு தடங்கள் உண்டு; தடத்துக்கு நொடிக்கு 5.4 கிகாபிட். அந்த ஹப் யூஎஸ்பி வேகத்துக்காக இரண்டு தடங்களைத் தானே எடுத்துக்கொள்கிறது. மிச்சம் இரண்டு தடங்களில், குறியீட்டுக் கழிவு போக, 8.6 கிகாபிட் அளவே தேறும். முழு எச்டி திரைக்கு 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்க, மூன்று சொச்சம் போதும். 4கேக்கு 12க்கு மேல் வேண்டும். இடம் பற்றாததால் திரை 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கிறது. நொடிக்கு நொடி விலை மாறும் இடத்தில் அது எரிச்சல்தான். ஹப்பைக் கழற்றிவிட்டு, யூஎஸ்பி-சியிலிருந்து நேராக டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் ஒரே கேபிளைப் போட்டதும் நான்கு தடங்களும் படத்துக்கே வந்தன, 60 ஹெர்ட்ஸும் வந்தது. கீபோர்டும் மவுஸும் பழைய யூஎஸ்பி போர்ட்களுக்குப் போயின.

கேபிள் எல்லாம் சரியான பிறகும் பலர் விட்டுவிடுகிற வேலை ஒன்று உண்டு. அமைப்புகளில் 1, 2, 3 என்று எண் போட்ட கட்டங்கள் தெரியும். அவற்றை மேசையில் மானிட்டர்கள் இருக்கும் வரிசைப்படியே இழுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் வலப்பக்கத் திரைக்கு மவுஸை இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். வருடக்கணக்கில் அப்படியே பழகிவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சரிசெய்து கொடுத்தால் கோபம் வருகிறது!

மலைக்கே உரிய தொல்லைகளும் உண்டு. மூடிக் கிடந்த அறையில் மானிட்டரின் உட்புறம் ஈரம் கோத்துக்கொள்ளும். கூடலூரில் ஆடியிலேயே வரும். குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்கு மழையில். பல நாள் பூட்டியிருந்த அறையென்றால் முதலில் ஜன்னலைத் திறந்து அறையைக் காயவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். மின்வெட்டுக்குப் பயந்து பெரிய இன்வெர்ட்டர் கேட்பவர்களிடம் கணக்கைக் காட்டுவேன்: 24 அங்குல எல்இடி மானிட்டர் 20, 25 வாட்தான் இழுக்கும். இரண்டு மானிட்டர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் சேர்த்தாலும் 600 விஏ யூபிஎஸ் தாங்கும், கோப்புகளைச் சேமித்து மூடும் வரைக்கும். வைஃபை ரூட்டரையும் அதிலேயே செருகுங்கள் என்று மறக்காமல் சொல்வேன்.

சமீபத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பசுந்தேயிலை எடைக் கணக்கு எழுதும் மேசைக்குப் போனேன். புது லேப்டாப்போடு பழைய 17 அங்குல சதுரத் திரையை இணைக்க வேண்டும். அதில் விஜிஏ மட்டுமே உண்டு, 1987இல் வந்த தரம். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சிறு கன்வெர்ட்டர் போதும். திசை மாறினால் வேலை செய்யாது என்பதால், பெட்டியில் எது உள்ளே, எது வெளியே என்று பார்த்தே வாங்கிப் போயிருந்தேன். எழுத்து சற்று மங்கலாகத் தெரிந்தது. மானிட்டரின் ஆட்டோ பொத்தானை அழுத்தியதும் தெளிந்தது. புதியது வாங்கித் தருகிறேன் என்று முதலாளியே முன்வந்தார். கணக்கர் வேண்டாம் என்றார். எடைப் பட்டியல் கீழ்நோக்கி நீளும், அகலத் திரையில் பாதி வரிகள்தான் தெரியும் என்பது அவர் வாதம். அகலத் திரையை நெட்டுக்குத் திருப்பி வைக்கலாமே என்றேன். அதற்கான ஸ்டாண்டின் விலையைச் சொன்னதும் முதலாளி இலை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.