16 ஜிபி பஃபரும் ஹைதராபாத் லைனும்

தரவை வேறோர் ஊரிலும் அப்படியே வைத்திருக்கும் தொலைதூர நகல் பற்றிப் பேச்சு வந்தாலே எங்கள் துறையில் முதலில் கேட்பது "லைன் எத்தனை ஜிபிபிஎஸ்?" என்பதைத்தான். நான் முதலில் கேட்பது வேறு. பஃபர், அதாவது அனுப்பக் காத்திருக்கும் தரவு நிற்கும் நினைவகம், நிரம்பினால் என்ன ஆகவேண்டும் என்று அமைத்திருக்கிறீர்கள்? இதற்குப் பலரிடம் பதில் இருப்பதில்லை. நிரம்பாது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நிரம்பும்.

நான் பார்த்துக்கொள்ளும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அம்பத்தூரில் இருக்கிறது, அதன் நகல் ஹைதராபாதில். நகலை ஏன் சென்னைக்குள்ளேயே வைக்கக்கூடாது என்று 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த யாரும் கேட்க மாட்டார்கள். சாலை வழியாக ஏறத்தாழ 630 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி 1000 கிலோமீட்டரைக் கடக்க 5 மில்லிவிநாடி ஆகும். ஆகவே போய்வர 6.3 மில்லிவிநாடிக்குக் குறைய வழியே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் (வட்டில் தரவை எழுதுவதைத்தான் எழுத்து என்கிறேன்) ஹைதராபாதிலிருந்து ஒப்புதல் வரும்வரை காத்திருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வேலையில் விநாடிக்கு 158 கமிட்டை, அதாவது உறுதிசெய்த பதிவை, தாண்ட முடியாது. எந்தப் பணத்தாலும் இதை மாற்ற முடியாது. அதனால் ஒப்புதலுக்குக் காத்திராத முறையைத்தான் பயன்படுத்துகிறோம். அனுப்பவேண்டியது நினைவகத்தில் வரிசையில் நிற்கும்.

இரண்டு பக்கமும் ஓடுவது டிஆர்பிடி, ஒரு சர்வரின் வட்டில் எழுதுவதை இன்னொரு சர்வரின் வட்டிலும் எழுதும் மென்பொருள். வியன்னாவின் லின்பிட் நிறுவனம் உருவாக்கியது, 2010-இல் லினக்ஸ் கெர்னல் 2.6.33-இல் சேர்ந்தது. நடுவே தரவை வாங்கி வைத்து அனுப்பும் அதன் ப்ராக்ஸி, 16 ஜிபி பஃபருடன். 1 ஜிபிபிஎஸ் லைனில் உண்மையில் கிடைப்பது விநாடிக்கு 110 எம்பி. மாதக் கடைசியில் வட்டிப் பதிவு ஓடும்போது எழுத்து விநாடிக்கு 300 எம்பியைத் தொடுகிறது. மிச்சம் 190 எம்பி ஒவ்வொரு விநாடியும் பஃபரில் தேங்குகிறது. 84 விநாடியில் 16 ஜிபியும் தீர்ந்துவிடும். 64 ஜிபி போட்டாலும் ஆறு நிமிடத்துக்குள் அதே இடத்துக்கு வந்து சேருவோம். நினைவகம் வாங்குவது தீர்வல்ல என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

நிரம்பிய பிறகு, ஒன்றும் சொல்லாமல் விட்டால், டிஆர்பிடி எழுத்தைத் தடுத்து நிறுத்திவிடும். ஹைதராபாத் லைன் மெதுவாக இருப்பதற்காக அம்பத்தூரில் வாடிக்கையாளர் காத்திருப்பார். இது கூடாது. 'ஆன்-கன்ஜெஷன்' என்ற அமைப்பில் 'புல்-அஹெட்' என்று கொடுத்து, 'கன்ஜெஷன்-ஃபில்' அளவை பஃபரைவிடக் குறைவாக வைத்துவிட்டால், நிரம்புவதற்கு முன்பே அம்பத்தூர் தானாக 'அஹெட்' நிலைக்குப் போய்விடும், ஹைதராபாத் 'பிஹைண்ட்' ஆகும். அதன்பின் தரவை வரிசையில் வைப்பதில்லை. எந்தெந்த இடம் மாறியது என்ற அடையாளத்தை மட்டும் பிட்மேப்பில் குறித்துக்கொள்ளும். 4 கேபிக்கு ஒரு பிட். 1 டிபி வட்டு முழுவதற்கும் 32 எம்பி போதும்! ஜிபி கணக்கில் நினைவகத்தைக் கேட்ட வேலை இவ்வளவு சிறிய இடத்தில் அடங்கிவிடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். இன்னொரு லாபமும் உண்டு. ஒரே இடத்தைப் பத்து முறை எழுதினாலும் பிட் ஒன்றுதான், அனுப்புவதும் கடைசி வடிவத்தை மட்டும்தான். "அக்கா, நகல் நின்றுவிட்டது" என்று இரவுப் பணியில் இருக்கும் தம்பி பதறி அழைக்கும்போது நான் சொல்வது, "நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது. ஓஓஎஸ் எவ்வளவு காட்டுகிறது, அதைப் பார்" என்றுதான். டிஆர்பிடி 8.4 பதிப்பில் அதன் நிலையைக் காட்டும் ப்ராக் கோப்பைத் திறந்தால் வரியின் கடைசியில் அந்த எண் இருக்கும், இன்னும் ஒத்துப்போகாத தரவு எத்தனை கேபி என்று. அது ஏறும் வேகத்தையும் இறங்கும் வேகத்தையும் பார்த்தாலே நிலைமை புரிந்துவிடும்.

ஆனால் பிட்மேப் ஒன்றைத் தொலைத்துவிடுகிறது: வரிசையை. போஸ்ட்கிரெஸ் முதலில் வேல் (WAL) பதிவை, அதாவது செய்யப்போகும் மாற்றங்களின் குறிப்பை, எழுதும், பிறகுதான் தரவுப் பக்கத்தை எழுதும். விபத்துக்குப் பின் தரவுத்தளம் பிழைத்து எழுவது இந்த ஒழுங்கால்தான். நெரிசல் தணிந்ததும், பிட்மேப்பில் குறித்த இடங்களை அனுப்பும் மறு ஒத்திசைவு ஓடும்போது பிளாக்குகள் வட்டில் இருக்கும் வரிசைப்படி போகின்றன, எழுதிய வரிசைப்படி அல்ல. பாதியில் அம்பத்தூர் போய்விட்டால் ஹைதராபாதில் இருப்பது பழையதும் புதியதும் கலந்த, திறக்கவே முடியாத ஒன்று. தேவைப்படும் அதே நேரத்தில் நகல் பயனற்றுப் போகும் அபாயம் இது.

இதற்கு மருந்து ஹைதராபாத் பக்கத்தில் இருக்கிறது. ஒத்திசைவு தொடங்குவதற்கு முன் டிஆர்பிடி தானாக அழைக்கும் ஹேண்ட்லரில், எல்விஎம் (லினக்ஸின் வட்டு மேலாண்மை) ஸ்னாப்ஷாட்டை, அதாவது அந்த நொடியின் வட்டு நிலையைப் பிடித்துவைக்கும் பிரதியை, எடுக்கும் ஸ்கிரிப்டைக் கொடுத்துவிட வேண்டும். டிஆர்பிடி-யுடனேயே அது வருகிறது, முடிந்தபின் ஸ்னாப்ஷாட்டை நீக்கும் ஸ்கிரிப்டும் உண்டு. நடுவில் என்ன ஆனாலும், கொஞ்சம் பழையதானாலும் முழுமையான ஒரு நகல் கையில் இருக்கும். இங்கே கவனிக்கவேண்டியது, ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் எல்விஎம் அதைச் செல்லாததாக்கிவிடும். ஒத்திசைவில் வரப்போகும் அளவுக்கு மேல் இடம் ஒதுக்குங்கள். வட்டு மலிவு, இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

பெரிய சேமிப்பகங்கள் இதே சிக்கலை வேறு வழிகளில் தீர்த்திருக்கின்றன. இப்போது டெல்லிடம் (Dell) இருக்கும் இஎம்சி-யின் எஸ்ஆர்டிஎஃப்/ஏ என்ற நகல் முறை எழுத்துகளைச் சுற்றுகளாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு சுற்றுக்குள் ஒரே இடத்தில் பல முறை எழுதியது ஒன்றாக மடிந்துவிடும், கேஷ் நினைவகம் போதாதபோது வட்டில் வழியவிடவும் வசதி உண்டு. ஹிட்டாச்சியின் யுனிவர்சல் ரெப்ளிகேட்டர் முதலிலிருந்தே வட்டில் ஜர்னல் என்ற பதிவேடு வைத்துக்கொள்கிறது, தொலைவில் இருப்பது அதை இழுத்துக்கொள்கிறது.

அந்த மடிப்பு எங்கள் பஃபரில் கிடையாது. எனவே அதைத் தரவுத்தளத்திலேயே செய்ய முயன்றோம். நினைவகத்தில் மாறிய பக்கங்களை வட்டில் எழுதி முடிக்கும் கட்டம்தான் செக்பாயிண்ட். ஒவ்வொரு செக்பாயிண்டுக்குப் பிறகும் ஒரு பக்கம் முதல்முறை மாறும்போது போஸ்ட்கிரெஸ் அந்த 8 கேபி பக்கம் முழுவதையும் வேலில் எழுதுகிறது. செக்பாயிண்ட் இடைவெளி இயல்பாக 5 நிமிடம். அதை 30 நிமிடமாக்கி, வேலின் உச்ச அளவையும் அதற்கேற்ப உயர்த்தினால், இப்படி எழுதப்படுவது வெகுவாகக் குறைகிறது. தரவுப் பக்கங்களும் நினைவகத்திலேயே பல முறை மாறி ஒரே முறை வட்டுக்குப் போகின்றன. விபத்துக்குப் பின் எழுவதற்குக் கூடுதல் நேரம் ஆகும், அந்த விலை எங்களுக்குச் சம்மதம். வரிசைப்படுத்தும் வேலைகள் வட்டுக்குப் போகாதபடி 'வொர்க்-மெம்' என்ற நினைவக அளவையும் வட்டிப் பதிவுக்கு மட்டும் கூட்டினோம். நகலாகும் வால்யூமில் ஸ்வாப், சர்வர் லாக், இரவு எடுக்கும் டம்ப் கோப்பு எதுவும் இருக்கக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம், என்றாலும் உங்கள் சர்வரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. அடுத்த மாதக் கடைசியில், ஒத்திசைவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஹைதராபாதில் அந்த ஸ்னாப்ஷாட்டை மவுண்ட் செய்து போஸ்ட்கிரெஸை அதன்மீது எழுப்பிப் பார்க்கப்போகிறோம். வேல் பதிவைப் படித்து முடித்து இணைப்புகளை ஏற்க எவ்வளவு நேரம் ஆகிறது, கடைசியாகப் பதிவான வட்டிக் கணக்கு எது என்ற இரண்டையும் குறித்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.