சோளகமும் 24 யூரியாப் பையும்

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டிக்குள் கிடந்த சாமான்களில் அதிகம் பாரமானது மச்சானின் கம்பிகள்தான். கட்டடத்துக்குப் போடுகிற முறுக்குக் கம்பியை மூன்றடித் துண்டுகளாக வெட்டி, ஒரு நுனியைக் கொக்கிபோல வளைத்து, 30 துண்டுகள் செய்வித்திருந்தான். வல்லிபுரக் கோயில் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் சில்லு மணலில் புதைந்தது. இறங்கித் தள்ளினோம். இரண்டாவது முறை புதைந்தபோது சாரதித் தம்பி, "அண்ணை, இனித் தூக்கிக்கொண்டுதான் போகவேணும்" என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டார். கம்பிகளை மூன்று நடையாகச் சுமந்தோம்.

புரட்டாசியில் வல்லிபுர ஆழ்வார் திருவிழா. மூலஸ்தானத்தில் சக்கரம்தான் சுவாமி. கடல் தீர்த்தத்தன்று சுவாமியோடு சனமும் மணல்மேடுகளுக்கூடாக வங்கக்கடலுக்கு நடக்கும். வலிகாமம், தென்மராட்சி என்று யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க இருந்து வருவார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கால் புதையப் புதைய வருகிற அந்தச் சனத்துக்கு வழியில் ஒரு வாய் மோர் கொடுப்பது எங்கள் ஊர்ப் பெடியளின் பல வருட வழக்கம். நாங்கள் நீர்வேலி. செம்மண் காரர். மணலில் பந்தல் போடுவது எங்களுக்குக் கைவந்த வேலை இல்லை. போன வருடம் தீர்த்தத்துக்கு முதல்நாள் பின்னேரம் காற்று தறப்பாளைக் கிழித்து எறிந்தது. மூடாமல் இருந்த கிடாரத்து மோருக்குள் மணல் விழுந்து, அவ்வளவையும் ஊற்றவேண்டி வந்தது. பால் தந்த வீடுகளின் முகங்களை நினைத்து அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை.

அதனால்தான் இந்த வருடம் மச்சானை இழுத்து வந்தேன். கலிபோர்னியாவில் இருக்கிறான். நெவாடா மாநிலத்துப் பிளாக் ராக் பாலைவனத்தில் ஓகஸ்ட் கடைசியில் நடக்கும் பேர்னிங் மேன் விழாவுக்கு மூன்று முறை போயிருக்கிறான். மூன்று முறையும் முகாம் கட்டும் ஆட்களோடு முன்கூட்டியே போனவன். 70,000 பேர் அளவில் கூடி, ஒரு கிழமைக்கு ஒரு நகரத்தையே எழுப்பிப் பிறகு இல்லாமல் செய்துவிடுகிற இடம். 1986 இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு கடற்கரையில் தொடங்கியது, 1990 இல் இந்தப் பாலைவனத்துக்கு மாறியது. பழைய காலத்தில் பெரிய ஏரியாக இருந்து வற்றிப்போன நிலம் அது. மணல் இல்லை, களி. காய்ந்தால் சீமெந்து நிலம் மாதிரி இறுகும். மேல் தோல் மட்டும் மாவாகி எழும்பும். அந்த மாவில் காரத்தன்மை கூட. வெறுங்காலோடு நடந்தால் பாதம் வெடிக்கும், வினாகிரி கலந்த தண்ணீரில் கழுவுவார்களாம். காற்று பலத்தால் நீட்டிய கை தெரியாது. அந்த நேரத்தில் நின்ற இடத்திலேயே நிற்பதுதான் அங்கே சட்டம் மாதிரி. நடக்கிறவன் நிற்பான், வாகனமும் நிற்கும்.

"அங்கை கூடாரத்துக்கு இந்தக் கம்பிதான் மச்சான். சுத்தியலாலை அடிச்சு இறக்கினா யானை இழுத்தாலும் வராது" என்றான். நான் நம்பினேன்.

முதல் கம்பி கையால் அழுத்தவே இறங்கிவிட்டது. கயிற்றைக் கட்டி இழுத்தோம். வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல வந்தது. சரித்து அடித்தோம், இரண்டை ஒன்றாகக் கட்டி அடித்தோம். காற்று ஒரு பிடி பிடித்ததும் தறப்பாள் நாலு கம்பியையும் தூக்கிக்கொண்டு படபடத்தது. வளைந்த கொக்கியோடு ஒரு கம்பி என் கணுக்காலுக்குப் பக்கத்தால் போனது. நல்லவேளை. கயிற்று நுனியில் இரும்பு இருந்தால் பிடுங்கும்போது அது ஆயுதம்.

பின்னேரமே மோட்டார் சைக்கிளில் மணற்காட்டுக்குப் போனோம். வல்லிபுரத்திலிருந்து தெற்கே, குடத்தனைப் பக்கம் இறங்கினால் வரும் கரையோரக் கிராமம். போகாதவர்கள் ஒருமுறை போகவேண்டும். வீட்டுக்கூரை உயரத்துக்கு மணல் மேடுகள், அவற்றின் முதுகில் காற்று கீறிய வரிகள். பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் பாதிக்கு மணலுக்குள் நிற்கின்றன. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் மச்சான் கனநேரம் நின்றான். காற்று தொடர்ந்து ஒரே திசையில் வேலை செய்தால் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. 2004 மார்கழி 26 இல் கடலும் இந்த ஊருக்குள் வந்து போனது.

சவுக்குக் காட்டோரம் மணல் அசையாமல் கிடந்தது. வெளியில், மேடுகளின் கடல் பக்கம், இராவணன் மீசைப் புல் குத்துக்குத்தாக நின்றது. அதற்குக் கீழே அடம்பன். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியிருக்கிறோம். ஒற்றுமைக்கு உதாரணம் என்று வாத்தியார் சொன்னார். அந்தக் கொடி உண்மையிலேயே மணல் மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதைக் குனிந்து ஒரு தண்டை இழுத்துப் பார்த்தபோதுதான் கண்டேன். கணுவுக்குக் கணு வேர்.

வலை பொத்திக்கொண்டிருந்த சம்மாட்டி ஐயாவிடம் விஷயத்தைச் சொன்னோம். வள்ளம் கட்டி, வாடி போட்டு அறுபது வயது தாண்டியவர். மச்சானின் கம்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது களித்தரைக்குத் தம்பி. மணல் ஆணியைப் பிடிக்காது. பாரத்தைத்தான் பிடிக்கும். யூரியாப் பை கிடக்கோ?"

"எடுக்கலாம் ஐயா."

"அரைப் பைக்கு மணலைப் போடுங்கோ. வாயைக் கட்டி, நடுவிலை கயிற்றைச் சுத்தி, இரண்டரை அடிக் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுங்கோ. பையை நிமித்தி வையாதையுங்கோ, கிடத்தவேணும். கயிறு வாற பக்கத்துக்குக் குறுக்காலை. மேலை தண்ணியை ஊத்தி மிதியுங்கோ. பிறகு இழுத்துப் பாருங்கோவன்."

அடுத்த நாள் அப்படியே செய்தோம். நாலு பேர் கயிற்றில் தொங்கிப் பார்த்தும் அசையவில்லை. பையின் பாரம் முப்பது, நாற்பது கிலோதான். ஆனால் வெளியே வருவதானால் தனக்கு மேலே விரிந்து கிடக்கிற மணல் முழுவதையும் அது தூக்கவேண்டும். மச்சான் மண்ணில் கணக்குப் போட்டுக் காட்டினான். 20 அடி நீளம், 8 அடி உயரத்தில் ஒரு தறப்பாள் சுவர் நின்றால், மணிக்கு 40 கிலோமீற்றர் காற்றில் அதன்மேல் குறைந்தது 110 கிலோ அழுத்தும். 60 கிலோமீற்றர் என்றால் 250 கிலோ. காற்று இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. போன வருடம் நாங்கள் ஒரு பெரிய பாயை விரித்துவிட்டு, அதை வேலிக் கதியால் மாதிரி நட்ட தடிகளில் கட்டி வைத்திருந்தோம். பறக்காமல் என்ன செய்யும்.

பந்தலின் 10 கால்களுக்கு இரண்டிரண்டு பைகள். படுக்கும் கூடாரத்துக்கு நாலு. மொத்தம் 24. ஒவ்வொன்றும் எங்கே புதைந்திருக்கிறது என்று மச்சான் ஒரு கடதாசியில் வரைந்து வைத்தான். அந்தப் பழக்கம் நெவாடாவில் இருந்து வந்தது. அதற்குக் காரணம் பிறகு தெரிந்தது.

வேலியில் நாங்கள் பிழை விட்டோம். தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்று இன்னும் விடவில்லை. ஆடி, ஆவணி மாதிரி இல்லாவிட்டாலும் மத்தியானத்துக்குப் பிறகு எழும்பும். அதை மறிக்க, தறப்பாளை இறுக்கிச் சுவர் மாதிரிக் கட்டினோம், குசினிக்கு ஐந்தடி தள்ளி. விடிய எழும்பிப் பார்த்தால் அடுப்பு பாதி மணலுக்குள். இறுகின சுவரில் மோதிய காற்று மேலால் ஏறி, மறுபக்கம் சுழன்று விழுந்து, கொண்டுவந்த மணலை எல்லாம் எங்கள் குசினிக்குள்ளேயே இறக்கிவிட்டது.

இந்த இடத்தில் மச்சானுக்குத் தெரிந்ததும் எங்கள் ஊருக்குத் தெரிந்ததும் ஒன்றாய்ப் பொருந்தின. மணலை மறிக்கிற வேலியில் பாதிக்குப் பாதி இடைவெளி இருக்கவேண்டும் என்று அவன் சொன்னான். காற்று ஊடே போகட்டும், வேகம் குறையும், சுமந்து வந்த மணலைத் தானே போட்டுவிடும். உலகம் முழுக்க அப்படித்தான் பலகை வேலி அடிக்கிறார்களாம். நான் கேட்டுக்கொண்டிருந்தபோது என் கண்ணுக்குள் அம்மம்மா வீட்டுப் பனங்கருக்குமட்டை வேலி வந்தது. மட்டைக்கு மட்டை இரண்டு விரல் இடைவெளி. வாழைத்தோட்டத்தின் தென்மேற்கு மூலையில் அதைத்தான் நிற்க வைப்பார்கள். நெருக்கமாய்ப் பின்னிய தென்னோலைக் கிடுகு வைக்கமாட்டார்கள். சோளகத்தில் வாழையிலை கிழியாமல் இருக்க என்பார் அம்மம்மா. செம்மண் புழுதி பறக்கிற ஊரில் எங்கள் கிழவிகள் பார்த்துப் பார்த்துப் பிடித்த கணக்கு அது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

குடத்தனையில் ஒரு வளவில் மட்டை கேட்டு வாங்கினோம். நாலடி உயரத்தில் வேலி, பந்தலில் இருந்து 25 அடி முன்னுக்கு. மணல் வேலியடியில் விழட்டும், எங்களிடம் வரும்போது வெறுங்காற்றாக வரட்டும். வேலி நீளத்தைப் பந்தலைவிட இரண்டு பக்கமும் கூட்டினோம், நுனிகளைச் சுற்றிக்கொண்டு காற்று வராமல்.

மற்ற வேலைகள் கெதியாக முடிந்தன. அடுப்பைக் கிடங்கு வெட்டி இறக்கி, காற்றுப் போகிற பக்கத்துக்கு மாற்றினோம். பொறி பறந்தால் கடல் பக்கம் போகவேண்டும், பந்தல் பக்கம் வரக்கூடாது. கிடாரங்களை எல்லாம் இடுப்பு உயர வாங்குகளில் ஏற்றினோம். இது சம்மாட்டி ஐயா சொன்னது. "மணல் முழங்காலுக்கு மேலை பெரிசா எழும்பாது தம்பி, துள்ளித் துள்ளித்தான் ஓடும்." நெவாடாத் தூசு அப்படியில்லை. ஆள் உயரம் தாண்டி எழும்பும், மணிக்கணக்காக மிதக்கும், மூச்சுக்குள் போகும். அங்கே முகமூடி இல்லாமல் முடியாது. இங்கே சால்வையும் கண்ணாடியும் போதும். பாதுகாக்க வேண்டியது கால்களையும் குழந்தைகளையும். குழந்தையின் கண் எங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அதனால் தாய்மார் இருந்து பால் கொடுக்க ஒரு மூலையை மட்டும் கிடுகால் நெருக்கி அடைத்தோம்.

தீர்த்தத்துக்கு முதல்நாள் மத்தியானம் இரண்டு மணி இருக்கும். தூரத்து மேட்டின் உச்சியில் புகை மாதிரி மணல் எழும்பியது. எப்போது கூரையை இறக்குவது என்று மச்சான் முதலே பேசி வைத்திருந்தான். காற்று வந்த பிறகு அதைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்பது அவன் பிடிவாதம். மேட்டில் புகை தெரிந்தால் எல்லாரும் கயிற்றடிக்கு வரவேண்டும். எதிர்க்காற்றில் நடக்கச் சிரமப்பட்டால் கூரை கீழே. அந்தளவு காற்று மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். எல்லா முடிச்சும் ஒரு நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சு.

சவுக்கங்காடு இரையத் தொடங்கியது. வாளியோடு வந்த தம்பி ஒருவன் உடம்பைச் சரித்து நடந்தான். "இறக்குங்கோ!" என்று கத்தினேன். பத்துப் பேர், பத்து முடிச்சு. தறப்பாளைச் சுருட்டி அதன்மேலேயே இருந்தோம். கெண்டைக்காலில் மணல் ஊசி மாதிரிக் குத்தியது. கால்கள் பத்தும் நின்றன. வேலி வளைந்தது, விழவில்லை. அரை மணித்தியாலம். பிறகு மூடியைத் திறந்து முதல் கிடாரத்துத் தண்ணீரைப் பார்த்தேன். அடியில் கிடந்த தேசிக்காய் விதை தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த நாள் சனம் வந்தது. கைகள் ஓயாமல் மோர் வார்த்தோம். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும்.

தீர்த்தம் முடிந்த மறுநாள் பந்தலைப் பிரித்தோம். மட்டை வேலியின் அடியில் ஒன்றரை அடிக்கு மணல் ஏறியிருந்தது. மச்சான் தன் கடதாசியை விரித்தான். பிளாக் ராக்கில் விழா முடிந்ததும் ஆட்கள் ஒரு வரிசையாக நின்று, நிலத்தைப் பார்த்தபடி நடந்து, ஆணி, நூல், சிறு மணி வரை பொறுக்குவார்களாம். நாங்களும் வரிசையாக நடந்தோம். பிளாஸ்ரிக் கோப்பை, செருப்பு வார், கற்பூரப் பெட்டி. பைகளைத் தோண்டி எண்ணினோம். 23.

கடதாசியில் புள்ளி இருந்த இடத்தில் மணல் மட்டுமே. காற்று மேட்டை நகர்த்தியிருந்தது, நாங்கள் அடையாளம் வைத்த சவுக்குத் தடியும் போய்விட்டது. பொழுது சாய்ந்தது. "ஒரு பைதானே, விடுவம்" என்று ஒருவர் சொன்னார். யூரியாப் பை உக்காது, நாரு நாராகப் பிரிந்து இந்த மணலில் எத்தனை வருடம் கிடக்குமோ என்று மச்சான் சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி தோண்டத் தொடங்கினான். நானும் இறங்கினேன். ரோச் வெளிச்சத்தில், ஆறரை மணிக்கு, மூன்றாவது கிடங்கில், கயிற்று நுனி கையில் தட்டுப்பட்டது.