தலைமுடியில் வண்டல் பூசிப் படம் எடுத்த கதை

என் கூந்தல் இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இறங்கும். இருபது வருட உழைப்பு அது. பாதி என்னுடையது, பாதி அப்பாயியுடையது. அதனால்தான் சித்தி மகன் வந்து, "அக்கா, தலை முழுக்க ஆத்துச் சேறு பூசி ஒரு ஃபோட்டோ ஷூட் பண்ணலாமா?" என்று கேட்டபோது எனக்கு முன்னால் அப்பாயி பதில் சொன்னார்: "ஒன் தலையில பூசிக்கடா."

ஆனால் அவன் விவரித்த காட்சி என்னை விடவில்லை. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல்தான் தண்ணீர் திறப்பார்கள். அதற்கு முந்தைய மே மாதம் எங்கள் பாபநாசம் பக்கம் குடமுருட்டி வெறும் மணலாகக் கிடக்கும். அந்த மணலிலிருந்து ஒரு பெண் எழுந்து உட்கார்கிறாள். உடம்பெல்லாம் காய்ந்த வண்டல், கூந்தல் மட்டும் வேர் மாதிரி மணலில் ஓடுகிறது. சரி, ஒரு மாதம் கொடு, முடி பிழைக்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல், முதல் வாரம்

சோதனைக்குத் தலையைக் கொடுக்கப் பைத்தியமா என்ன? அப்பாயி என் உதிர்ந்த முடியை எல்லாம் மஞ்சள் பையில் சேர்த்து வைத்திருந்தார், சவுரி கட்டுவதற்காக. என் முடியேதான், என்ன ஆனாலும் வலிக்காது. அதில் நான்கு கற்றைகள் கட்டினேன். ஒன்றாம் கற்றை வெறுமனே. இரண்டாவதில் முந்தின இரவே தேங்காய் எண்ணெய். மூன்றாவதில் எண்ணெய் இல்லாமல் கண்டிஷனர் மட்டும். நான்காவதில் எண்ணெய், அதன் மேல் கண்டிஷனர்.

மண்ணுக்கு வயலுக்குப் போனேன். முதல் தப்பு அங்கேயே. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயல் கரிய களிமண். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண். தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். வெடிப்பதற்குக் காரணமே அந்தச் சுருக்கம்தான். வயலில் செய்வதை முடியில் மட்டும் செய்யாமல் இருக்குமா? நான்கு கற்றைகளையும் பூசிக் கொடியில் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒன்றாம் கற்றை தேங்காய் நார்க் கயிறு மாதிரி விறைத்து நின்றது. சுருங்கிய மண் முடிகளை ஒன்றோடொன்று சேர்த்து இறுக்கிவிட்டது. விரலால் வளைத்தேன். மண் உடைந்தது, கூடவே முடியும் உடைந்தது. சீப்பைப் போட்டபோது பாதிக் கற்றை சீப்போடு வந்தது.

இதில்தான் ஒன்று புரிந்தது. மண் எண்ணெயையும் ஈரத்தையும் உறிஞ்சும் என்று எல்லோரும் சொல்வார்கள், முல்தானி மட்டி போட்டவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் முடியை ஒடிப்பது உறிஞ்சல் மட்டும் இல்லை. காயும்போது வரும் இழுப்பும், காய்ந்த பிறகு நாம் வளைப்பதும்தான். அப்படியானால் பாதி வேலை எதைத் தடவுவது என்பதில் இல்லை. காயவிடாமல் இருப்பதில் இருக்கிறது.

ஏப்ரல், இரண்டாம் வாரம்

மண்ணை மாற்றினேன். ஆற்றங்கரைப் படுகையில், மாமா வாழை போட்டிருக்கும் இடத்திலிருந்து ஒரு வாளி வண்டல். இது வேறு ஜாதி மண். கையில் மாவு மாதிரி நெகிழும். சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின் மேல் முதல் பூச்சாகப் பூசுவது காவிரி வண்டலைத்தான். விரல் நகத்தின் கோடு வரைக்கும் அச்சில் பதிய வேண்டும் என்றால் அத்தனை மென்மை வேண்டும். முகத்துக்கும் முடிக்கும் அதே மென்மைதான் எனக்கும் தேவை.

ஆனால் வண்டலிலும் மணல் கலந்திருக்கும். ஒவ்வொரு மணலும் முடியின் மேல்தோலை அரம் மாதிரி ராவும். அம்மாவின் மாவுச் சல்லடையை எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம், அதில் பொடி மணல் நிற்கவில்லை. கடைசியில் வாளி நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கினேன். கனமான மணல் அடியில் உட்காரும்வரை கொஞ்ச நேரம் விட்டு, மேலே இருக்கும் கலங்கலை மட்டும் வேறு வாளிக்கு மாற்றினேன். இரவு முழுக்க அது தெளிந்தது. காலையில் தெளிவை இறுத்துவிட்டால் அடியில் சந்தனம் மாதிரி ஒரு விழுது. இரண்டு விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் நறநறவென்று எதுவும் தட்டக் கூடாது. தட்டினால் மறுபடி கரை.

அடுத்த சிக்கல், எண்ணெய். தேங்காய் எண்ணெய் மேலே மட்டும் நிற்காது, முடிக்குள்ளேயும் இறங்கும். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். முடியின் புரத இழப்பைக் குறிப்பிடும்படி குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் நிறைய இருக்கும் லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, கிளையில்லாமல் நேராக இருப்பது. உள்ளே நுழைய அதுதான் வசதி. அப்பாயி இதைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஆராய்ச்சி வேறயா" என்றார்.

எல்லாம் சரி, ஆனால் எண்ணெய் பளபளக்கும் முடியில் சேறு ஒட்டவில்லை. சேம்பு இலையில் விட்ட தண்ணீர் மாதிரி உருண்டு ஓடியது. சித்தி மகன் கற்றையைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சேறு பூசின முடி இல்லை, சேத்துல விழுந்த எலி" என்றான். படத்துக்கு வேண்டியதும் முடிக்கு வேண்டியதும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன.

மூன்று நாள் மாற்றி மாற்றிப் பார்த்ததில் இப்படி வந்து நின்றது. எண்ணெயை முந்தின இரவே வைத்துவிட வேண்டும், நுனியில் தாராளமாக, மேலே கொஞ்சமாக. காலையில் பழைய பருத்தித் துணியால் மேலாக ஒற்றி எடுக்க வேண்டும்; உள்ளே போனது போதும். பிறகு முடியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அலசாத கண்டிஷனர் ஒரு கை. ஏற்கெனவே ஈரமாக இருக்கும் முடிக்குச் சேற்றுத் தண்ணீரைக் குடிக்க இடம் குறைவு. அதன் மேல் சேறு ஒழுங்காகப் படிந்தது.

சேற்றிலும் கை வைத்தேன். ஒரு டம்ளர் விழுதுக்கு அரை டம்ளர் வெந்தய வழுவழுப்பு, இரண்டு ஸ்பூன் கிளிசரின். கிளிசரின் காற்றிலிருந்தே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் சேறு இறுகாமல் குழைவாகவே இருக்கும். வெந்தயம் வழுக்கலுக்கு. வாசனைதான் சகிக்கவில்லை, தலையில் சாம்பார் தாளித்த மாதிரி. அடுத்த தடவை செம்பருத்தி இலையைக் கசக்கிச் சாறு எடுத்தேன். அதே வழுக்கல், வாசனை இல்லை.

நடுவில் ஒரு கிளைக்கதை. வெள்ளையாக இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று அவன் சுண்ணாம்பைக் கேட்டான். அதற்கு மட்டும் சோதனையே வைக்கவில்லை. தோல் பதனிடும் இடங்களில் தோலிலிருந்து முடியை நீக்கப் போடுவதே சுண்ணாம்புதான்! அரிசி மாவு என்றால் சம்மதம், ஆனால் அதற்கு விதிமுறை தலைகீழ். சேற்றைத் தண்ணீரில் கரைத்துத்தான் எடுக்க வேண்டும். மாவைக் காய்ந்த நிலையிலேயே உதறி எடுத்துவிட வேண்டும். மாவுத் தலையில் வெந்நீர் ஊற்றினால் தலையிலேயே கூழ் காய்ச்சிய கதைதான்.

மே, படம் எடுத்த நாள்

ஒரே ஒரு சண்டை பாக்கி இருந்தது. அவனுக்குக் கூந்தலில் வெடிப்பு வேண்டும். "முகத்துல வெடிச்சிருக்கு, கையில வெடிச்சிருக்கு, முடி மட்டும் ஈரமா இருந்தா எப்படிக்கா?" நியாயம்தான். ஆனால் வெடிக்க வேண்டும் என்றால் காய வேண்டும். காய்ந்தால் என்ன ஆகும் என்று ஒன்றாம் கற்றை காட்டிவிட்டது.

அந்த ஒன்றாம் கற்றையே வழியும் சொன்னது. தலைப் பக்கம் என் சொந்த முடி, ஈரச் சேற்றோடு. முதுகுக்குக் கீழே மணலில் படரும் பகுதியெல்லாம் சவுரி, வயல் களிமண்ணைத் தடித்துப் பூசி, காய்ந்து, நன்றாக வெடித்த சவுரி. இணைப்பின் மேல் ஒரு பிடி மணல். கேமரா வழியாகப் பார்த்த அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

சொந்த முடியிலும் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே. மீதியை விடியற்காலையிலேயே அப்பாயி இரண்டு சடையாக இறுக்கிப் பின்னி, தலையோடு சுற்றி, பழைய பட்டுத் துணியால் கட்டி, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை மாட்டி ஊசி குத்திவிட்டார். மேல் அடுக்கு முடி அதை மூடி விழுந்தது. நெற்றி ஓரம், காதுக்குப் பின்னால், பிடரி மூன்று இடத்திலும் வாசலின். உச்சந்தலைத் தோலில் சேறு படக் கூடாது என்பது என் பிடிவாதம். தோலில் இறங்கினால் நான்கு தடவை அலச வேண்டும், அத்தனை அலசலும் நுனிக்குத்தான் அடி.

முக்கால் மணி நேரம் என்று பேச்சு. காலை ஆறரைக்குத் தொடங்கினோம். இஸ்திரிக்கு வைத்திருக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர், அதை அடிப்பதற்கென்றே சித்தி குடையோடு பக்கத்தில். ஏழேகாலுக்கு முடித்திருக்க வேண்டும். மேகம் விலகி வெயில் சாய்வாக விழுந்ததும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இன்னும் அஞ்சு நிமிஷம்க்கா" நான்கு முறை. சித்தியும் படத்தை வேடிக்கை பார்க்கப் போய்விட, இடது தோளில் விழுந்த கற்றை காய்ந்தது. கழுத்தைத் திருப்பியபோது இழுத்தது. அந்த இழுப்பை எனக்குத் தெரியும். அப்படியே கழுத்தை அசைக்காமல் தண்ணீர் கேட்டேன்.

கழுவியதில்தான் நான் கோட்டை விட்டேன். சேற்றைத் தேய்க்கக் கூடாது, ஊறவிட்டுத் தானாகக் கரைய விட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், பம்புசெட்டைப் பார்த்ததும் ஆசையில் குழாய்க்கு நேரே தலையைக் கொடுத்துவிட்டேன். சேறு அரை நிமிடத்தில் போய்விட்டது. ஆனால் அந்த வேகத்தில் நீளமான முடி ஒன்றுக்குள் ஒன்று சுழன்று, பிடரியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சிக்கு. முடி ஈரத்தில் எளிதாக நீளும், அளவு மீறினால் அறும். தொட்டியில் தலையைச் சாய்த்துச் சும்மா கிடந்திருந்தாலே போதும்.

திண்ணையில் உட்கார வைத்து அப்பாயி சிக்கெடுத்தார். செம்பருத்திச் சாறு ஒரு கிண்ணம், சிக்கெடுக்கும் கோல், பிறகு பெரிய பல் சீப்பு. சிக்கின் மேலே கையால் பிடித்துக்கொண்டு, அடி நுனியிலிருந்து இரண்டு இரண்டு முடியாகப் பிரித்தார். ஒன்றே கால் மணி நேரம். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அன்று சீயக்காய் வேண்டாம், இருக்கிற எண்ணெயும் போய்விடும் என்று அரப்பும் வடிகஞ்சியும் கலந்து ஒரே ஒரு முறை தேய்த்துவிட்டார்.

ஜூன், முதல் வாரம்

மூன்று வாரம் ஆகிவிட்டது. மூடி வைத்த இரண்டு சடைக்கும் ஒன்றும் இல்லை. வெளியே விட்ட பங்கில் பெரும்பகுதி பழையபடி வழுக்குகிறது. காய்ந்துபோன இடது கற்றையில் மட்டும் நுனி சொரசொரப்பு, சில முடிகள் நடுவிலேயே அறுந்திருக்கின்றன. ஒரு விரற்கடை வெட்டிவிட்டேன். பிடரியில் சிக்கு இருந்த இடத்தில் குட்டை முடிகள் பூனை மீசை மாதிரி குத்திக்கொண்டு நிற்கின்றன; அதற்குக் காரணம் சேறு இல்லை, என் அவசரம்.

அவன் தேர்ந்தெடுத்த படம் ஏழு மணிக்கு முன்னால் எடுத்தது. "இன்னும் அஞ்சு நிமிஷம்" எதுவும் தேறவில்லை. இப்போது வேதாரண்யம் உப்பளத்தில் ஒன்று எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். மிச்சம் இருக்கும் மூன்றாம் கற்றையைக் கல்லுப்பு கரைத்த வாளியில் முக்கிக் கொடியில் போட்டிருக்கிறேன்.