சித்தப்பாவும் பேனா மீட்டரும்

எங்கள் சித்தப்பா வருகிறார் என்றால் இப்போதெல்லாம் குடிக்கிற தண்ணீரை யாரும் வெளியே வைப்பதில்லை. சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் வைத்திருக்கிறார், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணாகக் காட்டுவது. செம்பை வாங்குவார், குடிக்க மாட்டார், மீட்டரை முக்குவார். எண்ணைப் பார்த்துவிட்டு "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"மைக் கேட்டாலே நமக்குச் சிறுநீரகப் பக்கம் லேசாக வலிக்கும்.

உப்புத் தண்ணீரை மென்மையாக்குகிற சாஃப்ட்னர் மிஷினை மாட்டச் சொன்னதும் அவர்தான். சும்மா சொல்லக் கூடாது, அதில் நியாயம் இருந்தது. எங்கள் பாத்ரூம் லட்சணம் தெரிந்ததுதானே. ஷவரில் பாதித் துளை அடைத்துப்போய், மீதியில் வருகிற தண்ணீர் திசைக்கொன்றாகப் பாயும். ஒரு துளை கதவை மட்டும் குளிப்பாட்டும். எந்த மூலையில் எப்படி வளைந்து நின்றால் முதுகில் தண்ணீர் படும் என்பது என் வீட்டுக்காரர் இவர் ஒருவருக்குத்தான் தெரியும். குழாய் நுனியில் வெள்ளையாக ஒரு விழுது. சுண்ணாம்புக் குகைகளில் மேலிருந்து தொங்குமே, அதே கால்சியம் கார்பனேட்தான். அங்கே ஒரு சென்டிமீட்டர் வளர ஏறக்குறைய 100 வருஷம் ஆகும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆகிவிடும்.

கீசர் இன்னும் மோசம். தண்ணீர் சுடச் சுட அதிலிருக்கிற கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடும். அதுவரை கரைந்து சாதுவாகக் கிடந்த கால்சியம் கல்லாகிக் காயிலில் உட்கார்ந்துகொள்ளும். மெக்கானிக் திறந்து பார்த்தபோது காயிலையே காணோம், வெள்ளையாக ஒரு கட்டைதான் இருந்தது. "கரண்டு முதல்ல கல்லைக் காய்ச்சுதுங்க, அப்புறம் மிச்சம் இருந்தாத்தான் உங்களுக்கு" என்றார். பில் கொடுக்கும்போதும் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

இதையெல்லாம் தேய்ப்பது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாலித்தீன் பையில் வினிகரை ஊற்றி, ஷவர் முகம் முங்குகிற மாதிரிக் கட்டி, ராத்திரி முழுக்க விட்டால் துளைகள் திறந்துகொள்ளும். நல்ல வைத்தியம்தான். இவருக்குப் பொறுமை வேண்டுமே! "ஆசிட்டையும் பிளீச்சையும் சேர்த்து ஊத்தினா சட்டுனு போயிடும்" என்று இரண்டு பாட்டிலோடும் கிளம்பிவிட்டார். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் இன்னும் வாயைத் திறக்கவில்லை. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கறை அப்படியே இருக்கும், தேய்க்கத்தான் ஆள் இருக்காது.

சரி, சாஃப்ட்னர் வந்தது. கண்ணாடியில் முகம் தெரிந்தது. அதுவரை பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது வேறு விஷயம். ஆனால் அத்தைக்குப் பிடிக்கவில்லை. "எத்தனை ஊத்தினாலும் வழுக்குதே, சோப்பு போகவே இல்லையே" என்று உள்ளிருந்து குரல். பழைய தண்ணீரில் கால்சியம் சோப்போடு சேர்ந்து திரிந்து தோலில் ஒட்டும். அந்தச் சொரசொரப்பைத்தான் அத்தை இத்தனை காலம் சுத்தம் என்று நம்பிக்கொண்டிருந்தார். இப்போது அது இல்லாததால் குளியல் முடிவதே இல்லை. பாதித் தொட்டி காலி.

நேற்றுச் சித்தப்பா செருப்பைக் கழற்றியதும் நேராகப் பாத்ரூமுக்குள் போனார். முக்கினார். "ம்ம்" வரவில்லை, கத்தல்தான் வந்தது. "முன்னே இருந்த அதே நம்பர்! ஏமாத்திட்டான்! கூப்பிடு அவனை!" சின்னவள்தான் பாடப் புத்தகத்தோடு ஓடி வந்தாள். சாஃப்ட்னர் தண்ணீரில் இருப்பதைக் குறைக்காது தாத்தா, மாற்றும். ஒரு கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு இரண்டு சோடியத்தை விடும். சோடியம் இப்படிப் பாறையாகப் படியாது, அவ்வளவுதான். உங்கள் மீட்டர் தண்ணீரில் கரண்டு எவ்வளவு பாய்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. உள்ளே இருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. சித்தப்பா முழுக்கக் கேட்டார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க படிப்பே தப்பு" என்றார்.

அந்த மிஷினுக்குள் கால்சியத்தைப் பிடித்துவைக்கிற ரெசின் மணிகள் மறுபடி வேலை செய்ய உப்புக் கரைசலால் அலச வேண்டும். உப்புக்கறையை ஒழிப்பதற்காக மூட்டை மூட்டையாக உப்பு சுமக்கிற வீடு எங்களுடையது. சுமப்பது யார் என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "உப்பு போட்டாச்சா?" என்று கேட்க மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். காபி போட நான் உள்ளே போன நேரத்தில் சித்தப்பா அந்த உப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து மீட்டரை விட்டிருக்கிறார். எண் ஏறி, ஏறி, அதற்கு மேல் காட்ட வழியில்லாமல் மீட்டர் கைவிரித்துவிட்டது. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவர் பையன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. போட்டோ எடுத்து, "இதுதான் இவர்கள் வீட்டுத் தண்ணீர்" என்று எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத்தான் காபியைத் தொட்டார்.

காலையிலிருந்து போன் ஓயவில்லை. பெரியம்மா, மாமா, இவருடைய ஒன்றுவிட்ட அக்கா, எல்லாருக்கும் ரெசினிலிருந்து ஆரம்பித்து விளக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்கிறார்கள். கேட்டு முடித்துவிட்டு, "எதுக்கும் குழந்தைக்கு மட்டும் அந்தத் தண்ணியக் கொடுக்காதே" என்கிறார்கள். குழந்தை அடுத்த வருஷம் காலேஜ் போகிறாள்.