கைப்பிடியில்லாத காபிக் கிண்ணம்: இதுவரை செய்தது

எகிப்தின் சஃபாகாவுக்கு அருகே, செங்கடலின் சதானா தீவை ஒட்டி 1760களில் மூழ்கிய ஒரு கப்பலை 1995 முதல் 1998 வரை அகழ்ந்தார்கள். காபிக்கொட்டை, தேங்காய், நறுமணப் பிசின் ஆகியவற்றோடு ஒட்டோமான் சந்தைக்குப் போன சீனப் பீங்கான்களும் அதில் இருந்தன. அந்தக் காலத்துக் கிண்ணம் ஒன்றை வனைந்து பார்ப்பதுதான் என் வேலை. ஜகார்த்தாவின் பழைய பெயரால் படேவியா என்று அழைக்கப்படும் வகையைத் தேர்ந்தேன்: வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளையில் நீலப் பூ.

வனைவது கடினமில்லை, மெலிதாக்குவதுதான் கடினம். பீங்கான் மண் சூளையில் வெகுவாகச் சுருங்கும் என்பதால் பெரிதாகவே வனைய வேண்டும். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெசென் கைவினைஞர்கள் சுடாத மண்ணிலேயே நீலம் தரும் கோபால்ட்டால் தீட்டி, மேலே மெருகு (சூட்டில் உருகிக் கண்ணாடிபோலாகும் பூச்சு) பூசி, ஒரே சூட்டில் முடித்தார்கள். நானும் அப்படியே செய்தேன். காய்ந்த மண் தூரிகையின் ஈரத்தை நொடியில் உறிஞ்சிவிடுகிறது. இழுத்த கோட்டைத் திருத்த வழியே இல்லை. அருங்காட்சியகங்களில் பார்த்த அந்த வேகமான இதழ்களின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. வெளிப்புறத்துக்கு இரும்பு ஆக்சைடு கலந்த மெருகு. சூளைத் தட்டில் ஒட்டாமலிருக்க அடி வளையத்தை மட்டும் துடைத்துவிட்டேன். அகழ்வுத் துண்டுகளிலும் அந்த வளையம் மெருகின்றி இருப்பது இதனால்தான்.

பழுப்பு அழகாக வந்திருக்கிறது. வெள்ளைதான் பால் நிறத்துக்குச் சாய்ந்துவிட்டது. ஆக்சிஜன் குறைந்த விறகுத் தீ தரும் நீலச் சாயலை மின்சூளையில் பெற முடியாது.

ஒரு கிண்ணத்தை வேண்டுமென்றே உடைத்தேன். உடைந்த முகம் கண்ணாடிபோல் பளபளக்கிறது. மண் உடல் எங்கே முடிகிறது, மெருகு எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். துருக்கியின் கூத்தாஹ்யாவில் சீனக் கிண்ணத்தைப் பார்த்துச் செய்தவை அடியில் போலிச் சீன முத்திரைகூடத் தாங்கி வருவதுண்டு. ஆனால் உடைத்தால் மணல் மணலாக இருக்கும். குவார்ட்ஸ் பொடி, அரைத்த கண்ணாடி, கொஞ்சம் வெள்ளைக் களிமண் சேர்ந்த கலவை அது. அகழ்வாளர் முதலில் முறிவைப் பார்ப்பது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது அந்தக் கூத்தாஹ்யாக் கலவை. அதற்குக் குழைவு குறைவு; குயவர் சக்கரத்தில் எழும்பாது. எனவே பிளாஸ்டர் அச்சு தயாராகிறது. குவார்ட்ஸ் தூசு நுரையீரலுக்குக் கேடு; கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.