தனியே உண்ணும் முதியவர்களின் குடலும் மூளையும்

பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, யாழ்ப்பாணத்துப் பெரிய வீடுகளில் தனியே வாழும் முதியவர்களிடம் நாம் பிரஷரையும் சீனி வருத்தத்தையும் தவறாமல் விசாரிக்கிறோம். இரவில் என்ன சாப்பிட்டார்கள், யாரோடு இருந்து சாப்பிட்டார்கள் என்று விசாரிப்பது குறைவு. இந்த இரண்டு கேள்விகளும் மூளையின் நலத்தோடு நெருங்கிய தொடர்புடையவை என்பது என் உறுதியான எண்ணம்.

குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 வீதமானவை உள்ளுறுப்புகளின் நிலையை மூளைக்கு அறிவிப்பவை. நமக்குச் செரிக்காத நார்ப்பொருளைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன; பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள். நார்ப்பொருள் கிடைக்காதபோது அந்நுண்ணுயிர்கள் குடலைக் காக்கும் சளிப்படலத்தையே அரித்து உண்பதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. குடற்சுவர் நலிந்தால் உடலெங்கும் மெல்லிய அழற்சி நீடிக்கக்கூடும் என்றும், அது முதுமையில் மூளையையும் தாக்கக்கூடும் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பார்க்கின்சன் நோயாளர் பலரிடம் கைநடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் காணப்படுவதும் இத்தொடர்பை ஆராயத் தூண்டியது. (மலச்சிக்கல் உள்ள எல்லோருக்கும் அந்நோய் வரும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.)

தனியாக இருப்பவர் தமக்கென்று உலை வைக்க மனம் வராமல், பாணும் பிஸ்கற்றும் சீனி போட்ட தேத்தண்ணீருமாக இரவை முடித்துக்கொள்கிறார். நார்ப்பொருள் அங்கே முதலில் மறைகிறது. குரக்கன் பிட்டு, தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, கடலை, பயறு, காயவைத்த பனங்கிழங்கை இடித்தெடுக்கும் ஒடியல் மா என்று நமக்கு எட்டும் இடத்தில் இருப்பவையே அந்த நுண்ணுயிர்களுக்கு நல்ல தீனி. இவற்றுள் ஒடியல் கூழை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். பயற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் மீனும் நண்டும் சேர்த்துப் பெரிய பானையில் காய்ச்சி, அயலவரையும் அழைத்துப் பலா இலையில் ஏந்திக் குடிக்கும் அந்தக் கூழ், ஒருவருக்கென்று காய்ச்சப்படும் உணவன்று. நார்ப்பொருளும் மனிதத் துணையும் அதில் ஒன்றாகவே கிடைக்கின்றன. பிரஷர் உள்ளவர்களுக்கு உப்பை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எனினும், எந்த உணவும் தனித்து நின்று மறதி நோயைத் தடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்; அப்படிச் சொல்லி விற்கப்படும் குளிசைகளையும் நம்ப மாட்டேன். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகியவற்றை இரண்டு ஆண்டுகள் சேர்த்துக் கடைப்பிடித்தவர்களின் சிந்தனைத் திறன், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக மேம்பட்டிருந்தது. லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கையோ, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சீர்செய்தால் மறதி நோய்களில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைத்தல், உடலுழைப்பின்மை ஆகியவற்றோடு தனிமையும் செவிப்புலன் குறைவும் அப்பட்டியலில் உள்ளன.

செவிப்புலனை நாம் மிகவும் அலட்சியம் செய்கிறோம். காது மந்தமானவர் பேச்சில் கலந்துகொள்ள முடியாமல் மெல்ல ஒதுங்குகிறார். கோவிலுக்குப் போவதும் சந்தைக்கு நடப்பதும் குறைகின்றன. நடை குறையப் பசியும் குறைகிறது, சமைக்கும் மனமும் போகிறது. ஆகவே வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த சத்துமாப் பேணிகளை அனுப்பும் பிள்ளைகள், அந்தப் பணத்தில் அம்மாவின் காதைப் பரிசோதிப்பித்து, தேவையானால் கேட்கும் கருவி வாங்கிக் கொடுக்கலாம். அயலில் இருக்கும் நாங்கள், வாரத்தில் ஓரிரு இரவாவது அவரைக் கூப்பிட்டு எங்களோடு இருத்திச் சாப்பிட வைக்கலாம்.