எம்டன் என்று திட்டு வாங்கியவர்கள்

1983இல், நாம் ஒன்பதாவது படிக்கும்போது, வரலாற்று சார் நம்மைப் பல்லவன் பஸ்ஸில் சென்னைக் கோட்டைக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? அதுவரை நமக்குக் கோட்டை என்றால் தலைமைச் செயலகம், இல்லாவிட்டால் ரயில்வே ஸ்டேஷன். உள்ளே ஓர் அருங்காட்சியகம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாளையும் துப்பாக்கியையும் பார்க்க ஓடிய நம்மை, ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் சார் நிறுத்தினார். "வீட்ல எம்டன்னு திட்டு வாங்கினவன்லாம் கையைத் தூக்குங்கடா" என்றார். பாதிப் பேர் தூக்கினோம். ராயபுரத்தில் என் ஆயா என்னை அப்படித்தான் கூப்பிடும்.

கண்ணாடிக்குள் இருந்தது ஓர் இரும்புத் துண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து சுட்ட குண்டின் சில்லு. அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேல் குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, உயிர்களும் போயின. பயந்துபோன ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள்.

சாயங்காலம் ஆயாவிடம் கேட்டேன். தன் அம்மாவும் அப்படிக் கிளம்பியவள்தான் என்றது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திருவள்ளூர் பக்கம் நடந்தே போனாளாம். அந்தக் குழந்தை ஆயாவின் அண்ணன். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் சாதாரணமாகக் கேட்டதே இல்லை.

இந்த ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனபோது, நம் வகுப்பு நண்பர்கள் இருவரோடு மறுபடி கோட்டைக்குப் போனேன். வாசலில் போலீஸ் சோதனை, அப்புறம் அந்தத் தடித்த மதில். பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் கோட்டையைப் பிடித்து 1749இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டு, இரண்டு மாதம் போராடியும் பிடிக்க முடியாமல் திரும்பினார். சார் சொன்ன வருஷங்கள் எல்லாம் வரிசையாக வாயில் வந்தன.

அருங்காட்சியகத்தில் கீழே, ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிலை. பீடத்தில், 1792இல் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி. "உங்களைவிடச் சின்னப் பசங்கடா" என்று சார் அன்று குரல் தாழ்த்திச் சொன்ன இடம் இதுதான். இப்போது எங்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பையன்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாடி ஏறினோம். 1796இல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது இந்தக் கட்டடத்தின் உச்சியில்தான். மேல் மாடியில், அன்று நாம் பார்க்காத ஒன்று இருந்தது: 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலை 5.05க்குக் கோட்டைக் கொடிக்கம்பத்தில் ஏற்றிய தேசியக் கொடி. 2013 முதல்தான் மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். சுத்தப் பட்டு. வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்த அறையில் மூன்று பேரும் பேசாமல் நின்றோம்.

அங்கிருந்து நேராக பெரம்பூரில் சார் வீட்டுக்குப் போனோம். முழங்கால் வலியால் அவர் இப்போது படி ஏறுவதில்லை. "எம்டன் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். இருக்கிறது சார் என்றோம். கொடியைப் பற்றிச் சொன்னதும், "எவ்வளவு நீளம்?" என்றார்.

"12 அடி சார், அகலம் 8 அடி."

சார் தடியை ஊன்றி எழுந்தார். கூடத்துச் சுவரோரம் ஒவ்வோர் அடியாக எண்ணிக்கொண்டே நடந்தார். பன்னிரண்டாவது அடியில் நின்று, நடந்து வந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்தார்.